லூசில் பால்: படச்சுருளைத் தன்வசம் வைத்துக்கொண்ட நடிகை

1953-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவற்றில் அன்று ஒரே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. லூசி ரிக்கார்டோ என்ற கற்பனைக் குடும்பத்தலைவி மருத்துவமனைக்குச் சென்று ஆண் குழந்தை பெறும் கதை அது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்ற விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர் மட்டுமே.

கதை ஒளிபரப்பான அதே நாளில், லூசியாக நடித்த லூசில் பாலுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை மூலம் உண்மையாகவே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. படம் பல வாரங்களுக்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டிருந்தது. சிகிச்சைக்கான நாள் ஒளிபரப்பு நாளோடு பொருந்தி வந்தது. ஆனால் பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முன்கூட்டி அறியும் வசதி அக்காலத்தில் இல்லை. கதையில் ஆண் குழந்தை என்று எழுதிவைத்தது வெறும் துணிச்சல்தான்.

அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே இதே பெண்மணி தன் தொழில் வாழ்வு முழுவதையும் இழந்துவிடும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி இயங்கும் விதத்தையே மாற்றிய ஒரு நடிகையின் வரலாற்றை அறிய, அவ்விரு நிகழ்வுகளுக்கும் முந்தைய ஆண்டுகளிலிருந்து தொடங்கவேண்டியுள்ளது.

தொழிலாளர் குடும்பம்

லூசில் டிசைரி பால் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி தொலைபேசிக் கம்பிகளைப் பொருத்தும் தொழிலாளி. 1915-இல் நச்சுக்காய்ச்சலில் அவர் இறந்தபோது லூசிலுக்கு மூன்று வயது. தாய் அப்போது கருவுற்றிருந்தார். தம்பி ஃபிரெட் தந்தை இறந்த பின்னரே பிறந்தார்.

அருகிலுள்ள செலரான் என்ற ஏரிக்கரை ஊரில் தாய்வழித் தாத்தா ஃபிரெட் ஹன்ட் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தனர். ஹன்ட் சோஷலிசக் கொள்கையில் அசையாத பற்றுக்கொண்டவர். பேத்தியை நாடகக் கொட்டகைகளுக்கு அழைத்துச்சென்று நகைச்சுவை நடிப்பின் மீது ஆசையை ஊட்டியவரும் அவரே. 1927-இல் அவர் வீட்டு முற்றத்தில் சிறுவர்கள் துப்பாக்கி சுடப் பழகிக்கொண்டிருந்தபோது, அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் குண்டடிபட்டு முடமானான். அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் ஹன்ட் வீட்டையும் சேமிப்பையும் இழந்தார். அந்த இழப்பைப் பற்றி லூசில் பால் பிற்காலத்திலும் கசப்போடுதான் பேசினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, பதினைந்து வயதில், நியூயார்க் நகரிலிருந்த ஒரு நாடகப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கு அப்போது பெயரெடுத்துக்கொண்டிருந்த மாணவி பெட் டேவிஸ். லூசிலோ கூச்சத்தில் வாய் திறக்காமல் நின்றார். இந்தப் பெண்ணுக்காகப் பணத்தை வீணாக்கவேண்டாம் என்று ஆசிரியர்கள் தாய்க்குத் தெரிவித்தார்கள். பின்னர் அவர் ஆடை அலங்காரக் கடையில் மாடல் அழகியாக வேலை செய்தார். மூட்டுகளைத் தாக்கிய ஒரு கடும் நோயினால் நீண்ட காலம் ஊரில் படுத்துக்கிடந்து, மறுபடி நடக்கப் பழகி, மீண்டும் நியூயார்க்குக்கே திரும்பினார். 1933-இல் ஒரு திரைப்படத்தின் நடனக் குழுவில் கடைசி நேரத்தில் இடம் கிடைத்ததால் ஹாலிவுட் சென்றார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏராளமான படங்களில் அவர் நடித்தார். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் மாதச் சம்பள நடிகையாக இருந்தபோது, சிறு முதலீட்டுப் படங்களின் அரசி என்று அவரைப் பாதி பாராட்டாகவும் பாதி கேலியாகவும் அழைத்தார்கள். பிறகு சேர்ந்த எம்.ஜி.எம். நிறுவனம் அவரது கூந்தலுக்குச் செந்நிறம் பூசியது. அழகியாகத்தான் அவரை முன்னிறுத்தினார்களே தவிர, அவரிடமிருந்த கோமாளித்தனத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் அக்காலத்தில் அதே நிறுவனத்தில் மங்கிய நிலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பொருள்களைக் கையாண்டு சிரிக்கவைக்கும் கலையை அவரிடம் லூசில் கற்றுக்கொண்டது, படங்களில் கிடைத்த எந்த வேடத்தையும்விடப் பெரிய ஆதாயம் என்று கூறவேண்டும்.

கியூபாவிலிருந்து வந்த கணவர்

1940-இல் ஒரு படப்பிடிப்பின்போது டெசி அர்னாஸ் என்ற இசைக்கலைஞரை அவர் சந்தித்தார். கியூபாவின் சாந்தியாகோ நகர மேயரின் மகன் அர்னாஸ். 1933 புரட்சியில் குடும்பம் அனைத்தையும் இழக்க, அகதியாக மயாமிக்கு வந்து, சில்லறை வேலைகள் பார்த்து, பின்னர் இசைக்குழுத் தலைவராக உயர்ந்தவர். லூசிலைவிட ஆறு வயது இளையவர். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இருவரும் மணந்துகொண்டனர்.

திருமண வாழ்க்கை சுமுகமாக இருக்கவில்லை. கணவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்ற, மனைவி படப்பிடிப்பில் இருந்தார். அர்னாஸின் குடியும் பிற பெண்களுடனான தொடர்புகளும் இருவருக்குமிடையே ஓயாத சச்சரவுக்குக் காரணமாயின. 1944-இல் விவாகரத்து வரை சென்று பின்னர் சேர்ந்துகொண்டனர்.

1948-இல் சி.பி.எஸ். வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் லூசில் பால் நடிக்கத் தொடங்கினார். அரங்கில் அமர்ந்திருந்த நேயர்களின் சிரிப்பு அவரிடமிருந்து புதியதொரு நடிகையை வெளிக்கொணர்ந்தது. அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். விரும்பியபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: கணவர் வேடத்தில் தன் உண்மைக் கணவரே நடிக்கவேண்டும். ஒரே ஊரில் ஒரே தொழிலில் இருந்தால்தான் குடும்பம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு.

நிறுவனத்தார் தயங்கினர். ஸ்பானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் ஒரு கியூபரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்கமாட்டார்கள் என்றார்கள். 1950-இல் தம்பதியர் டெசிலூ என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கி, மேடை நிகழ்ச்சி ஒன்றுடன் பல நகரங்களுக்குச் சென்றனர். அரங்குகளில் கிடைத்த வரவேற்பு சி.பி.எஸ். நிறுவனத்தின் வாயை அடைத்தது. அர்னாஸின் உச்சரிப்பு தொடரின் நகைச்சுவைகளில் ஒன்றாகவே ஆயிற்று. ஆனால் அதைக் கேலி செய்யும் உரிமை கதையில் பெரும்பாலும் லூசிக்கு மட்டுமே இருந்தது. வேறொருவர் கேலி செய்தால் அது குத்தலாகிவிடும் என்பதைக் கதாசிரியர்கள் அறிந்திருந்தார்கள்.

யாரும் விரும்பாத படச்சுருள்

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. நேரலை சென்றடையாத ஊர்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே ஒரு படக்கருவியால் பிடித்த மங்கலான பிரதி அனுப்பப்படும். நேயர்களில் பெரும்பான்மையினர் நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்ததால், அந்த மங்கலான பிரதி மேற்குக்குப் போவதில் எவருக்கும் கவலையில்லை. ஆனால் லூசில் பால் நியூயார்க்குக்குக் குடிபெயர மறுத்தார். கலிபோர்னியாவிலிருந்து நேரலை செய்தால் கிழக்குக்கு மங்கல் பிரதி போகும். அனுசரணை வழங்கவிருந்த பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் இதை ஏற்கவில்லை.

தொடர் முழுவதையும் திரைப்படத் தரத்திலான 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தால் சிக்கல் தீரும் என்று யோசனை வந்தது. செலவோ அதிகம். தம்பதியர் தமது வாராந்தரச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாக அர்னாஸ் கேட்டது, எடுத்து முடித்த படச்சுருள்கள் டெசிலூவுக்குச் சொந்தமாகவேண்டும் என்பது மட்டுமே. சி.பி.எஸ். அதிக யோசனையின்றி இசைந்தது. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு அதன்பின் என்ன மதிப்பு இருக்கமுடியும் என்று அவர்கள் எண்ணியிருக்கவேண்டும்.

ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவில் பணியாற்றிய கார்ல் ஃபிராயிண்ட், ஒளிப்பதிவுப் பொறுப்பை ஏற்றார். நேயர்கள் முன்னிலையில் நாடகம்போல் தொடர்ச்சியாக நடிப்பதை மூன்று படக்கருவிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். கோணத்துக்குக் கோணம் விளக்கை மாற்ற நேரம் இராது என்பதால், அரங்கம் முழுவதற்கும் மேலிருந்து சீரான ஒளி விழுமாறு ஃபிராயிண்ட் அமைத்தார். பல படக்கருவிகளால் எடுக்கும் உத்தியை முன்பே வேறு சிலர் கையாண்டிருந்தனர். ஆனால் நேயர்களை முன்னால் அமர்த்தி, படச்சுருளில், வாரந்தோறும் நகைச்சுவைத் தொடர் எடுக்கும் வழக்கம் நிலைபெற்றது இங்கேதான்.

'ஐ லவ் லூசி' 1951 அக்டோபர் 15-ஆம் தேதி தொடங்கியது. மேடையேறிவிடவேண்டும் என்று துடிக்கும் மனைவி, அவளை வீட்டோடு இருக்கச் சொல்லும் இசைக்கலைஞர் கணவர், வீட்டு உரிமையாளர்களான மெர்ட்ஸ் தம்பதியர் என்று கதை எளியது. ஆனால் சாக்லேட் தொழிற்சாலையில் நகரும் பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், லூசியும் வீட்டுக்காரம்மா ஈத்தலும் மிட்டாய்களை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் 1952-ஆம் ஆண்டுக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு மொழி தேவையில்லை. அவை தற்செயலாக நிகழ்ந்தவை போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அசைவும் முன்னரே எழுதப்பட்டு, பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது. ஒத்திகையில் லூசில் பால் கடுமையானவர், சிரித்துப் பேசுபவர் அல்லர் என்று உடன் பணியாற்றிய பலர் கூறியுள்ளனர்.

1952-இல் அவர் மறுபடி கருவுற்றபோது, வயிற்றைப் பெட்டிகளுக்கும் நாற்காலிகளுக்கும் பின்னால் மறைக்கலாம் என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. தம்பதியர் கருவுற்றதையே கதையாக்கினார்கள். தொலைக்காட்சியில் இதுவே முதல்முறை என்று பல நூல்கள் கூறினாலும், 'மேரி கே அண்ட் ஜானி' என்ற தொடரில் 1948-லேயே இது நிகழ்ந்துவிட்டது. எனினும் நாடே பார்த்தது லூசியைத்தான். கருவுற்றிருப்பதைக் குறிக்கும் நேரடியான ஆங்கிலச் சொல் நாகரிகமற்றது எனத் தவிர்க்கப்பட்டது. குழந்தையை எதிர்நோக்குகிறாள் என்று சுற்றிவளைத்தார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புரொட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவரும் ஒவ்வொரு கதையையும் படித்துப் பார்த்தார்கள். ஆட்சேபிக்க அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

1936-இல் இட்ட கையெழுத்து

1953 பிப்ரவரியில் பிலிப் மோரிஸும் சி.பி.எஸ்.ஸும் தொடரை நீட்டிக்க 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தன. தொலைக்காட்சியில் அதுவரை கண்டிராத தொகை அது. ஏழு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 6-ஆம் தேதி, செய்தியாளர் வால்டர் வின்ச்சல் தனது வானொலி நிகழ்ச்சியில், முன்னணித் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பு குறித்து விசாரிக்கப்பட்டதாகப் பெயர் கூறாமல் அறிவித்தார்.

செய்தி உண்மையே. நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழு லூசில் பாலிடம் இரண்டு முறை மூடிய அறையில் வாக்குமூலம் பெற்றிருந்தது. 1936-இல் வாக்காளராகப் பதிவு செய்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியை ஆதரிப்பதாக அவர் கையெழுத்திட்டிருந்தார். அக்கட்சியின் கலிபோர்னியா மாநிலக் குழுவுக்கு நியமிக்கப்பட்டவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. முதுமையில் தளர்ந்திருந்த தாத்தாவின் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே பதிவு செய்ததாகவும், கட்சிக்கு ஒருபோதும் வாக்களிக்கவில்லை என்றும், பட்டியலில் பெயர் வந்தது தமக்குத் தெரியாதென்றும் அவர் கூறினார். ஃபிரெட் ஹன்ட் 1944-இல் காலமாகிவிட்டிருந்தார்.

செப்டம்பர் 11-ஆம் தேதி செய்தித்தாள்கள் பெயரோடு செய்தி வெளியிட்டன. அன்று மாலையே படப்பிடிப்பு இருந்தது. நேயர்கள் முன் வந்த அர்னாஸ், தாம் கம்யூனிஸ்டுகளால் அல்லலுற்ற நாட்டிலிருந்து வந்தவரல்லவா என்ற தொனியில் பேசி, மனைவி மீதான குற்றச்சாட்டை மறுத்தார். அவளிடம் சிவப்பாக இருப்பது தலைமயிர் மட்டுமே, அதுவும் அசல் நிறமல்ல என்று அவர் கூறியதும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே நாளில் குழு உறுப்பினர் டொனால்ட் ஜாக்சன், அவர் கட்சி உறுப்பினராக இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று செய்தியாளர்களிடம் அறிவித்தார். அனுசரணையாளர் விலகவில்லை. நேயர் எண்ணிக்கையும் சரியவில்லை.

இதை நியாயத்தின் வெற்றி என்று கொள்வது கடினம். மூன்றாண்டுகளுக்கு முன்னர் நடிகை ஜீன் மியூர், இதைவிட மெல்லிய சந்தேகத்தின் பேரில், தொடர் தொடங்கும் முன்பே நீக்கப்பட்டார். 'தி கோல்ட்பர்க்ஸ்' தொடரில் தந்தையாக நடித்த பிலிப் லோப் வேலையிழந்து, 1955-இல் தற்கொலை செய்துகொண்டார். அவர்களுக்குப் பின்னால் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் இருக்கவில்லை. லூசில் பால் குற்றமற்றவர் என்பது உண்மை. அவரை இழந்தால் பலருக்குப் பெரும் நட்டம் என்பதும் அதற்கு இணையான உண்மை.

முதலாளி

'ஐ லவ் லூசி' 1957-இல் நிறைவடையும்வரை 180 பகுதிகள் எடுக்கப்பட்டன. சில பகுதிகளை மறுபடி ஒளிபரப்பியபோதும் மக்கள் பார்த்தார்கள் என்பதை டெசிலூ கண்டுகொண்டது. யாரும் வேண்டாத படச்சுருள் இப்போது சொத்தாயிற்று. அவற்றின் உரிமையை 40 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து சி.பி.எஸ். நிறுவனமே திரும்ப வாங்கியது. இதனால் திரட்டிய பலத்தைக் கொண்டு தம்பதியர் சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கியது ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை. ஒரு காலத்தில் லூசில் பால் சம்பள நடிகையாக வலம்வந்த இடம் அது. கணக்கில் பார்த்தால் உரிமையை விற்றது பிழை. அடுத்த அரை நூற்றாண்டு மறு ஒளிபரப்பின் வருவாய் சி.பி.எஸ்.ஸுக்கே போயிற்று.

குடும்பத்தைக் காப்பதற்காகத் தொடங்கிய தொழில் குடும்பத்தைக் காக்கவில்லை. 1960 மே மாதம் விவாகரத்து தீர்ப்பானது. 1962-இல் அர்னாஸின் பங்கை 25 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்ட லூசில் பால், டெசிலூவின் தலைவரானார். அமெரிக்காவின் பெரும் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றுக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. அப்பதவியை அவர் விரும்பியதாகத் தெரியவில்லை. வணிகம் அர்னாஸின் துறை என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். ஆயினும் 1960-களின் நடுவில் 'ஸ்டார் டிரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' ஆகிய செலவு மிகுந்த இரு தொடர்களைக் கைவிடுமாறு நிறுவனத்துக்குள் எதிர்ப்பு எழுந்தபோது, தயாரிப்பைத் தொடர ஒப்புதல் கொடுத்தவர் அவரே. 'ஸ்டார் டிரெக்' முன்மாதிரிப் படத்தை என்.பி.சி. நிராகரித்து, இரண்டாவதாக ஒன்றைக் கேட்டது. அதற்கும் டெசிலூ பணம் போட்டது. இரு தொடர்களும் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கின. மறு ஆண்டு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை அவர் விற்றுவிட்டார். அவ்விரு பெயர்களின் பெரும் ஆதாயத்தை அடைந்தவர்கள் பின்னர் வந்தவர்களே.

இதற்கிடையே 1961-இல் நகைச்சுவைக் கலைஞர் கேரி மார்ட்டனை மணந்துகொண்டார். 'தி லூசி ஷோ', 'ஹியர்ஸ் லூசி' ஆகிய தொடர்கள் 1974 வரை வெற்றிகரமாக ஓடின. எம்மி விருது நான்கு முறை கிடைத்தது. ஆனால் 1986-இல், 75-ஆவது வயதில், 'லைஃப் வித் லூசி' என்ற புதிய தொடரில் பழைய கோமாளித்தனங்களையே செய்துகாட்டியபோது நேயர்கள் ரசிக்கவில்லை. வயதான அம்மையாருக்கு அடிபட்டுவிடுமோ என்று அஞ்சினார்கள். எட்டுப் பகுதிகளோடு அது நிறுத்தப்பட்டது. அந்த டிசம்பர் 2-ஆம் தேதி அர்னாஸ் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஐந்து நாள்கள் கழித்து வாஷிங்டனில் கென்னடி மைய விருது விழாவில், அர்னாஸ் முன்கூட்டி எழுதிவைத்திருந்த வாழ்த்துரை லூசில் பாலின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. தொடரின் தலைப்பு தமக்கு ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்று அதில் அவர் கூறியிருந்தார்.

1989 ஏப்ரல் 26-ஆம் தேதி, இதயத்தின் பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள்களில், லாஸ் ஏஞ்சலிஸில் லூசில் பால் காலமானார். வயது 77. அதிபர் விருதான சுதந்திரப் பதக்கம் அவ்வாண்டு ஜூலையில் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2002-இல் பிள்ளைகள் அவரது அஸ்தியை ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டுவந்து குடும்பத்தாரின் கல்லறைகள் உள்ள இடத்தில் அடக்கம் செய்தார்கள். செலரான் பூங்காவில் 2009-இல் வைக்கப்பட்ட வெண்கலச் சிலை அவரைப்போல் இல்லை, அச்சமூட்டுகிறது என்று ரசிகர்கள் குறைகூறவே, 2016-இல் அவரது பிறந்தநாளன்று புதிய சிலை ஒன்று திறக்கப்பட்டது. பழையதை ஊரார் அகற்றிவிடவில்லை. அதே பூங்காவில் சற்றுத் தள்ளி வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் இரண்டின் பக்கத்திலும் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.